படத்தின் வீட்டில் ஒலி குடிபுகுந்த கதை

லினக்ஸை நிறுவ உட்காரும் பலருக்கு முதலில் கிடைப்பது கறுப்புத் திரை. விஷயம் தெரிந்த யாராவது ஒருவர், "பூட் வரியில் நோமோட்செட் போட்டுப் பார்" என்பார். அந்த ஒற்றைச் சொல்லைச் சேர்த்ததும் திரை விழித்துக்கொள்ளும். நிறுவல் முடியும், டெஸ்க்டாப் வரும், வைஃபையும் இணையும். பிறகு ஒரு பாட்டைப் போட்டால் நேரக்கோடு மட்டும் நகரும்; சத்தம் இருக்காது. ஒலி அமைப்புகளைத் திறந்தால் 'டம்மி அவுட்புட்' என்ற பெயரில் இல்லாத ஒரு சாதனம் உட்கார்ந்திருக்கும்.

அதன்பின் நடப்பது பெரும்பாலும் ஒரே மாதிரிதான். மியூட் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், ஹெட்போனை மாற்றுவார்கள், ஒலிக்கான மென்பொருள்களை நீக்கிவிட்டு மறுபடி போடுவார்கள். முந்தைய நாள் படத்துக்காகச் சேர்த்த அந்தச் சொல்லின் மேல் யாருக்கும் சந்தேகம் வராது. வராததற்குக் காரணம் இருக்கிறது. சில ஆண்டுகள் லினக்ஸ் கர்னலே, அந்தச் சொல்லோடு பூட் ஆனால் பதிவேட்டில் ஓர் எச்சரிக்கையை எழுதிவைத்தது: கிராபிக்ஸ் டிரைவர்கள் முடக்கப்பட்டுள்ளன, காட்சி தொடர்பான வேலைகள் மோசமாகப் பாதிக்கப்படும், கணினியை ஒழுங்காக உறங்கவைக்கக்கூட முடியாமல் போகலாம், இந்தச் சொல் என்ன செய்யும் என்பது புரியாவிட்டால் அதை நீக்கிவிட்டு மறுபடி பூட் செய்யுங்கள். இவ்வளவு கண்டிப்பாகப் பேசிய அந்த எச்சரிக்கையிலும் ஒலியைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

கிராபிக்ஸ் டிரைவரை அணைத்தால் ஒலி ஏன் போக வேண்டும்? இது பிழையும் அல்ல, ஒரே நாளில் யாரோ எடுத்த முடிவும் அல்ல. ஏறத்தாழ இருபது ஆண்டுகளில், வன்பொருள் செய்தவர்களும் மென்பொருள் எழுதியவர்களும் தனித்தனியாக எடுத்த பல முடிவுகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்ததன் விளைவு.

தொடக்கத்தில் இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989-இல் சவுண்ட் பிளாஸ்டர் கார்டைக் கொண்டுவந்தபோது, ஒலி என்பது மதர்போர்டில் தனி ஸ்லாட்டில் செருகும் தனிப் பலகை. லினக்ஸ் பிறந்த மறுவருடம், 1992-இல், லினஸ் டோர்வால்ட்ஸின் நாட்டுக்காரரான ஹன்னு சவோலைனன் அந்தக் கார்டுக்கு டிரைவர் எழுதத் தொடங்கினார். அது பல பெயர்கள் மாறி, கடைசியில் ஓஎஸ்எஸ் என்று நிலைத்தது. ஒலி டிரைவர் அன்றைக்கே கர்னலுக்குள் இடம்பிடித்துவிட்டது. படம்தான் வெளியே நின்றது. கர்னலுக்குத் தெரிந்ததெல்லாம் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்துகள். ஜன்னல்களும் சுட்டியும் எக்ஸ் சர்வர் என்ற வெளி நிரலின் பொறுப்பு. அதுவே கிராபிக்ஸ் கார்டை நேரடியாகப் பிடித்து ஆட்டியது. எக்ஸ் சர்வர் விழுந்தாலும் கறுப்புக் கன்சோலில் பாட்டுக் கேட்கலாம். கேட்டவர்களும் உண்டு.

அந்தக் காலத்தில் ஒலி எளிதாக வேலை செய்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கார்டுக்கு எந்த இன்டரப்ட் எண், எந்த டிஎம்ஏ வழி, எந்த முகவரி என்று கையால் சொல்ல வேண்டும். சவுண்ட் பிளாஸ்டருக்குப் பெரும்பாலும் முகவரி 220, இன்டரப்ட் 5, டிஎம்ஏ 1. இன்னொரு கார்டு அதே இன்டரப்ட்டைப் பிடித்திருந்தால் இரண்டும் முரண்டுபிடிக்கும். ரெட் ஹாட் வெளியிட்ட சவுண்ட்கான்ஃபிக் என்ற சிறு நிரல் இந்த எண்களைத் தேடிப் பிடித்துவிட்டு, சோதனைக்காக ஒரு குரல் பதிவை ஒலிக்கவிடும். அது டோர்வால்ட்ஸே தன் படைப்பின் பெயரை எப்படி உச்சரிப்பது என்று சொல்லும் பதிவு. அந்தக் குரல் கேட்டால் கார்டு சரி. கேட்காவிட்டால் எண்களை மாற்றி மறுபடி முயல வேண்டும். எவ்வளவு தொல்லை என்றாலும் அதில் ஒரு நேர்மை இருந்தது. ஒலியில் கோளாறு என்றால் கோளாறு ஒலியில்தான்.

செக் நாட்டின் யாரோஸ்லாவ் கிசேலா கிராவிஸ் அல்ட்ராசவுண்ட் கார்டுக்கு நல்ல டிரைவர் வேண்டும் என்று இறங்கி, 1998-இல் ஆல்சா திட்டத்தைத் தொடங்கினார். 2003 டிசம்பரில் வெளியான 2.6 கர்னலில் ஓஎஸ்எஸ்ஸின் இடத்தை ஆல்சா பிடித்தது. இதற்கிடையே தனிக் கார்டுகளின் காலமும் முடிந்துவந்தது. இன்டெல் 1997-இல் ஏசி97 என்ற தரத்தையும், 2004-இல் அதற்கு அடுத்ததாக எச்டி ஆடியோவையும் கொண்டுவந்தது. மதர்போர்டிலேயே ஒரு கன்ட்ரோலர். அதிலிருந்து போகும் இணைப்பில் கோடெக் எனப்படும் சிறு சிப்புகள். ஸ்பீக்கர், மைக், ஹெட்போன் துளை எல்லாம் கோடெக்கின் பொறுப்பு. ஒரே இணைப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட கோடெக்குகள் தொங்கலாம் என்பது இந்த வடிவமைப்பின் சிறப்பு. பின்னால் வந்த வம்புகளில் பாதி முளைத்தது இந்தச் சிறப்பிலிருந்துதான். சூஸே நிறுவனத்தின் தகாஷி இவாய் பல ஆண்டுகளாகப் பராமரித்துவரும் எஸ்என்டி-எச்டிஏ-இன்டெல் டிரைவர்தான் லினக்ஸில் இதை இயக்குகிறது. பெயரில் இன்டெல் இருந்தாலும் ஏஎம்டி, என்விடியா கன்ட்ரோலர்களுக்கும் அதுவே டிரைவர்.

திருப்பம் கணினி உலகிலிருந்து வரவில்லை. தொலைக்காட்சி உலகிலிருந்து வந்தது. ஹிட்டாச்சி, மட்சுஷிட்டா, பிலிப்ஸ், சிலிக்கான் இமேஜ், சோனி, தாம்சன், தோஷிபா ஆகிய ஏழு நிறுவனங்கள் சேர்ந்து 2002 டிசம்பரில் எச்டிஎம்ஐயின் முதல் பதிப்பை வெளியிட்டன. அதற்கு முந்தைய டிவிஐ படத்தை மட்டும் கடத்தியது. வீட்டு டிவிக்குப் பின்னால் தொங்கும் கேபிள் காட்டை ஒழிக்க, படத்தையும் ஒலியையும் ஒரே கேபிளில் அனுப்ப வேண்டும் என்பது இந்த ஏழு நிறுவனங்களின் நோக்கம். ஒலிக்கென்று கேபிளுக்குள் தனிக் கம்பி போட்டார்களா? இல்லை. அவர்கள் செய்தது அதைவிடச் சாமர்த்தியமானது.

படக்குழாய் டிவிகளில் எலக்ட்ரான் கற்றை ஒரு வரியை வரைந்து முடித்ததும் அடுத்த வரியின் தொடக்கத்துக்குத் திரும்பச் சற்று நேரம் வேண்டும். அந்த இடைவெளியில் படத் தகவல் எதுவும் இருக்காது. படக்குழாய் போய் எல்சிடி வந்த பிறகும் அந்த இடைவெளி சிக்னலில் அப்படியே தங்கிவிட்டது. 1920-க்கு 1080 படத்தை விநாடிக்கு 60 முறை அனுப்பும்போது, கேபிளில் உண்மையில் போவது ஒரு வரிக்கு 2200 புள்ளிகள், மொத்தம் 1125 வரிகள். மிஞ்சும் அந்தக் காலியிடத்தில்தான் எச்டிஎம்ஐ ஒலிப் பொட்டலங்களைத் திணித்து அனுப்புகிறது. கடிகாரமும் படத்துடையதே. 148.5 மெகாஹெர்ட்ஸில் ஓடும் படக் கடிகாரத்தை 6144-ஆல் பெருக்கி 148500-ஆல் வகுத்து, 48 கிலோஹெர்ட்ஸ் ஒலிக்குத் தேவையான துடிப்பை மறுமுனையில் இருக்கும் டிவி தானே உருவாக்கிக்கொள்கிறது. ஆக, எச்டிஎம்ஐ கேபிளில் ஒலி என்று தனியாக எதுவும் இல்லை. படம் ஓடினால் அதன் இடுக்கில் ஒலியும் ஓடும். படம் ஓடாவிட்டால் ஒலிக்கு இடமும் இல்லை, காலக் கணக்கும் இல்லை.

டிவிக்கு இது பொருந்தியது. கணினியில் ஒலி ஓரிடத்திலும் படம் வேறிடத்திலும் உருவாவதால் சங்கடம் வந்தது. முதலில் செய்த ஒட்டுவேலை இன்று பார்த்தால் சிரிப்பு வரும். என்விடியாவின் ஜீஃபோர்ஸ் 8, 9 வரிசைக் கார்டுகள் சிலவற்றில் இரண்டு கம்பி கொண்ட ஒரு சின்ன கேபிள் உண்டு. அதை மதர்போர்டின் எஸ்பிடிஐஎஃப் என்ற டிஜிட்டல் ஒலி முனையில் செருகினால் ஒலி அங்கிருந்து கிராபிக்ஸ் கார்டுக்குள் போய், எச்டிஎம்ஐ வழியாக வெளியே வரும். ஏடிஐ 2007-இல் ரேடியான் எச்டி 2000 வரிசையில் இந்த ஒட்டுவேலையை விட்டு, எச்டி ஆடியோ கன்ட்ரோலரையே கிராபிக்ஸ் சிப்புக்குள் வைத்துவிட்டது. 2009 வாக்கில் என்விடியாவும் அதே வழிக்கு வந்தது. அன்றிலிருந்து லினக்ஸில் எல்எஸ்பிசிஐ கட்டளை கொடுத்தால் ஒரே கார்டு இரண்டு வரிகளாகத் தெரிகிறது: 01:00.0 என்று காட்சி, 01:00.1 என்று ஒலி.

ஒரே சிப், இரண்டு டிரைவர்கள். கிராபிக்ஸ் டிரைவரை எழுதுவோர் ஒரு குழு, ஒலி டிரைவரை எழுதுவோர் வேறு குழு. மானிட்டர் தனக்கு ஒலி தெரியுமா, எத்தனை சேனல், என்ன வேகம் என்பதையெல்லாம் ஈடிஐடி என்ற சிறு தரவுத் தொகுப்பில் எழுதி வைத்திருக்கும். கேபிள் வழியாக அதைப் படிப்பது கிராபிக்ஸ் டிரைவரின் வேலை. அது படித்ததில் ஒலிக்கு வேண்டியதை மட்டும் பிரித்து ஈஎல்டி என்ற வடிவில் சிப்பில் எழுதிவைக்கும். ஒலி டிரைவர் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். இன்டெல்லில் இந்தக் கைமாற்றை 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒழுங்குபடுத்தியவர்களில் முக்கியமானவர் வூ ஃபெங்குவாங். எழுதித் தருபவரை அணைத்துவிட்டால் ஒலி டிரைவர் பார்ப்பது வெற்றிடம். கன்ட்ரோலர் இருக்கும், கோடெக் இருக்கும், ஆனால் மறுமுனையில் மானிட்டரே இல்லை என்று அது முடிவுகட்டிவிடும்.

இதே ஆண்டுகளில் இன்னொரு பக்கம் படமும் இடம் மாறியது. எக்ஸ் சர்வர் வெளியிலிருந்து கார்டைப் பிடித்து ஆட்டியதில் பல கோளாறுகள்: பூட் ஆகும்போது திரை மினுக்கும், உறக்கத்திலிருந்து எழுந்தால் படம் வராது, கர்னல் செயலிழந்தால் அதைத் திரையில் சொல்லவும் வழியில்லை. எனவே திரையின் அளவையும் வேகத்தையும் அமைக்கும் பொறுப்பைக் கர்னலுக்குள்ளேயே கொண்டுவந்தார்கள். இதன் பெயர் கேஎம்எஸ். 2009 மார்ச்சில் வந்த 2.6.29-இல் இன்டெல்லுக்கும், அதே ஆண்டு 2.6.31-இல் ரேடியானுக்கும், 2010 தொடக்கத்தில் 2.6.33-இல் என்விடியாவுக்கான நூவோ டிரைவருக்கும் இது வந்து சேர்ந்தது. வந்த வேகத்தில் பல கணினிகளில் கறுப்புத் திரையையும் கொண்டுவந்தது. அதற்குக் கொடுத்த மாற்று மருந்துதான் நோமோட்செட். கர்னலே திரையை அமைக்காதே, பயோஸ் விட்டுச்சென்ற எளிய படத்தோடு காலத்தை ஓட்டு என்பது அதன் பொருள்.

மருந்து வேலை செய்ததுதான் பிரச்சினை. உபுண்டுவின் பூட் மெனுவில் எஃப்6 விசையை அழுத்தினால் அது ஒரு தேர்வாகவே வந்தது. பிற்பாடு 'சேஃப் கிராபிக்ஸ்' என்ற பெயரில் ஒளிந்துகொண்டது. ஃபெடோராவின் 'அடிப்படை கிராபிக்ஸ்' தேர்வுக்குள்ளும் அதே சொல்தான். நிறுவி முடித்த பிறகும் பல கணினிகளில் அது கிரப் பூட்லோடரின் அமைப்பில் தங்கிவிடும். நிறுவும்போது ஒருநாள் தேவைப்பட்ட மருந்தைக் காலமெல்லாம் சாப்பிட்டுக்கொண்டிருப்பது பயனருக்கே தெரியாது.

ரேடியான் பயனர்களின் வரலாறு தனி வேடிக்கை. ஆர்600 சிப்புகளின் எச்டிஎம்ஐ ஒலிக்கு ஆவணம் இல்லாத காலத்தில், அதன் போக்கைக் கவனித்தே 2009 வாக்கில் நிரல் எழுதியவர் கிறிஸ்டியன் கோனிக். பின்னாளில் ஏஎம்டியிலேயே வேலைக்குச் சேர்ந்தார். ஆனால் ஒலியை இயக்கினால் சில மானிட்டர்களில் படம் கெட்டது. ஆகவே 2011 முதல் கர்னலில் ரேடியான் எச்டிஎம்ஐ ஒலி முடக்கப்பட்டே வந்தது. வேண்டுபவர்கள் பூட் வரியில் ரேடியான் ஆடியோவை 1 என்று கொடுக்க வேண்டும். கவனிக்க வேண்டியது, இது ஒலி டிரைவரின் அமைப்பு அல்ல. கிராபிக்ஸ் டிரைவரின் அமைப்பு. ஒலிக்கான பொத்தான் படத்தின் அறையில் இருந்தது. 2014 ஜனவரியில் வெளியான 3.13 வரும்வரை இந்தப் பொத்தானைத் தேடி அலைந்தவர்கள் ஏராளம்.

அடுத்த தலைமுறை ஏஎம்டி கார்டுகளில் அலைச்சல் இன்னும் நீண்டது. ஏஎம்டிஜிபியு என்ற புதிய டிரைவர் படத்தை நன்றாகவே காட்டியது; எச்டிஎம்ஐயில் ஒலி வரவில்லை. அதற்கான நிரல் ஏஎம்டி தனியே எழுதிவைத்திருந்த காட்சிப் பகுதிக்குள் இருந்தது. அந்தப் பகுதி பல்லாயிரம் வரிகள் கொண்டது. லினக்ஸுக்கு மட்டுமின்றிப் பிற இயங்குதளங்களுக்கும் பொதுவாக எழுதப்பட்டது. 2016 டிசம்பரில் அதைக் கர்னலில் சேர்க்க முன்வந்தபோது, கிராபிக்ஸ் பகுதியின் பராமரிப்பாளர் டேவ் ஏர்லி முடியாது என்று சொல்லிவிட்டார். ஒரு நிறுவனம் தன் வசதிக்காகப் போட்ட இடைத்தளத்தைக் கர்னலின் தலையில் கட்டக்கூடாது என்பது அவர் வாதம். சர்ச்சை பெரிதானது, ஏஎம்டி நிரலைத் திருத்தி எழுதியது, 2018 ஜனவரியில் 4.15 கர்னலோடு அது உள்ளே வந்தது. ஏர்லி பிடிவாதம் பிடித்தார் என்று அன்று திட்டியவர்கள் பலர். நிரலின் தரத்தைப் பார்த்தால் அவர் செய்தது சரிதான். ஆனாலும் அந்த விவாதம் முடியும்வரை, டிவியில் ஒலி கேட்கவில்லை என்று ஆல்சா பக்கம் தேடிக்கொண்டிருந்த சாதாரணப் பயனருக்கு, தன் ஸ்பீக்கரின் விதி ஒரு கிராபிக்ஸ் வாதத்தில் சிக்கிக்கிடக்கிறது என்று சொல்ல ஆள் இல்லை.

இவ்வளவும் எச்டிஎம்ஐ வழியாக வரும் ஒலியோடு நின்றவை. லேப்டாப்பின் சொந்த ஸ்பீக்கரையும் சேர்த்து இழுத்துவிட்ட கட்டம் 2013-இல் இன்டெல்லின் ஹாஸ்வெல் சிப்போடு தொடங்கியது.

ஹாஸ்வெல்லில் ஒலிக்கு இரண்டு கன்ட்ரோலர்கள். 00:1பி.0 என்ற பழைய இடத்தில் இருப்பது ஸ்பீக்கருக்கும் ஹெட்போனுக்கும். 00:03.0 என்ற புதிய இடத்தில் இருப்பது எச்டிஎம்ஐக்கும் டிஸ்பிளேபோர்ட்டுக்கும். அது கிராபிக்ஸ் பகுதிக்குள்ளேயே வசிக்கிறது. பேட்டரியை மிச்சப்படுத்த, சிப்பின் பகுதிகளைத் தனித்தனியாக அணைக்கும் வசதியை இன்டெல் கொடுத்திருந்தது. இந்தப் பகுதிகளை அது 'பவர் வெல்' என்கிறது. லேப்டாப்பின் சொந்தத் திரை மட்டும் ஓடும்போது வெளித்திரைக்கான பகுதியின் மின்சாரத்தை ஐ915 என்ற கிராபிக்ஸ் டிரைவர் துண்டித்துவிடும். புதிய ஒலிக் கன்ட்ரோலரின் மின்சாரமும் அதே பகுதியிலிருந்துதான். வாடகை வீட்டில் மின் மீட்டர் வீட்டுக்காரர் பக்கம் இருந்தால், அவர் மெயினை அணைத்துவிட்டு ஊருக்குப் போகும்போது குடித்தனக்காரர் இருட்டில் உட்கார வேண்டியதுதான். ஒலி டிரைவர் அப்படித்தான் உட்கார்ந்தது. மின்சாரம் இல்லாத கன்ட்ரோலரைப் படிக்கப் போய், அர்த்தமற்ற எண்களைப் பெற்றுத் திணறியது.

தீர்வாக, ஒலி டிரைவர் கிராபிக்ஸ் டிரைவரிடம் மின்சாரம் கேட்டுப் பெறும் ஏற்பாட்டை இன்டெல் பொறியாளர்கள் 2013-இலேயே கர்னலில் சேர்த்தார்கள். கோடெக் இணைப்பின் கடிகாரமும் கிராபிக்ஸ் பகுதியின் கடிகாரத்திலிருந்தே பிறந்ததால், அந்த வேகத்தையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. கேட்கலாம், பதில் சொல்ல ஐ915 இருக்க வேண்டுமே. நோமோட்செட் போட்டிருந்தால் அது இல்லை. அப்போது கர்னல் பதிவேட்டில் வரும் வாசகம், ஹாஸ்வெல், பிராட்வெல் சிப்புகளின் எச்டிஎம்ஐ ஒலிக்குக் கிராபிக்ஸ் டிரைவரோடு பிணைப்பு தேவை என்று பச்சையாகச் சொல்கிறது. இத்தனை ஆண்டுக் கதையில் காரணத்தை நேரடியாகச் சொன்ன வரி இது. டிமெஸ்ஜி கட்டளையைத் தட்டிப் பார்ப்பவர் கண்ணில்தான் படும் என்பது வேறு விஷயம்.

இந்தத் தலைமுறையில் இன்னொரு குழப்பமும் உண்டு. எச்டிஎம்ஐ கன்ட்ரோலர் முதலில் கண்டறியப்பட்டு 0 என்ற எண்ணைப் பிடித்துக்கொள்ளும். ஸ்பீக்கர் 1 ஆகிவிடும். பழைய நிரல்கள் எல்லாம் 0-க்கே ஒலியை அனுப்பும். ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறது, ஒலியும் நன்றாகவே போகிறது, ஆனால் மானிட்டரே செருகாத எச்டிஎம்ஐ துளைக்குள் போகிறது! மாட்ப்ரோப் அமைப்பில் வரிசையை 1, 0 என்று திருப்பிப் போட்டு அப்போது பலர் சமாளித்தார்கள்.

2015-இல் வந்த ஸ்கைலேக் சிப், பிரித்து வைத்திருந்ததை மறுபடி ஒன்றாக்கியது. ஒரே கன்ட்ரோலர், அதன் இணைப்பில் ஸ்பீக்கருக்கான கோடெக்கும் எச்டிஎம்ஐக்கான கோடெக்கும் பக்கத்துப் பக்கத்தில். ஐ915 வராவிட்டால் என்ன செய்வது? பழைய எச்டிஏ டிரைவர் இங்கே விவேகமாக நடந்துகொண்டது: ஹாஸ்வெல், பிராட்வெல்லின் தனிக் கன்ட்ரோலர் என்றால் கைவிடு, மற்றவற்றில் ஸ்பீக்கருக்கான கோடெக்காவது கிடைக்கும், தொடர்ந்து போ என்று அதன் நிரலில் குறிப்பே எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஐ915 வந்துவிடும் என்ற நம்பிக்கையில் அது 60 விநாடிவரை காத்திருந்தது. ஒரு நிமிடம் கழித்து ஒலி தோன்றிய கணினிகளின் மர்மம் பல சமயம் இதுதான்.

லேப்டாப்பில் டிஜிட்டல் மைக்குகள் வந்ததும் நிலைமை கடுமையானது. அவற்றைக் கையாள ஒலிக்கென்று தனிச் செயலி தேவைப்பட்டது. அதற்கான திறந்தநிலை ஃபர்ம்வேர் திட்டமான சவுண்ட் ஓப்பன் ஃபர்ம்வேரை இன்டெல் 2018-இல் அறிவித்தது. அதன் ஆரம்ப கால டிரைவர் பழையதைப் போல விட்டுக்கொடுக்கவில்லை. ஐ915-ஐயும் எச்டிஎம்ஐ கோடெக்கையும் தொடங்க முடியவில்லை என்று ஒரு வரி, ஒலிச் செயலியை இயக்க முடியவில்லை, பிழை எண் -19 என்று இன்னொரு வரி, அத்தோடு முழுக் கார்டும் மறைந்தது. ஸ்பீக்கர் போச்சு, மைக் போச்சு, ஹெட்போன் துளையும் போச்சு. எச்டிஎம்ஐயை வாழ்நாளில் தொடாதவருக்கும் ஒலி இல்லை. பிழை எண் 19-க்குக் கர்னல் அகராதியில் பொருள், 'அப்படி ஒரு சாதனம் இல்லை'.

அதன்பின் மேல்தளம் தன் பங்குக்கு உண்மையை மறைத்தது. லெனார்ட் பொட்டரிங் 2004-இல் தொடங்கிய பல்ஸ்ஆடியோ, 2007-இல் ஃபெடோரா 8 வழியாகப் பரவலானது. கார்டு எதுவும் கிடைக்காவிட்டால் நிரல்கள் முறிந்துவிழாமல் இருக்க, அது கற்பனையான ஒரு சாதனத்தை உருவாக்கி அதற்குள் ஒலியைக் கொட்டும். அதுதான் டம்மி அவுட்புட். ரெட் ஹாட்டின் விம் டேமன்ஸ் எழுதிய பைப்வயர் 2021-இல் ஃபெடோரா 34-இல் பல்ஸ்ஆடியோவின் இடத்துக்கு வந்தது. டம்மியும் கூடவே வந்தது. பொறியியல் நோக்கில் அது நல்ல யோசனை. பயனருக்கோ, 'இங்கே கார்டே இல்லை' என்ற தகவலை 'இங்கே ஒரு சாதனம் இருக்கிறது' என்று மாற்றிச் சொல்லும் வேலை. புதியவர்கள் பைப்வயரைக் குற்றம்சாட்டி அதை நீக்கிப் போடுவது இந்த இடத்தில்தான்.

கோளாறு தேடத் தெரிந்தவர்கள் இதற்கு நேர் எதிர்த் திசையில், அடியிலிருந்து மேலே போவார்கள். ப்ராக் கோப்பகத்தில் உள்ள சிஎம்டிலைன் கோப்பைத் திறந்து, பூட் வரியில் நோமோட்செட்டோ அதன் உறவினர்களோ ஒளிந்திருக்கிறார்களா என்று முதலில் பார்ப்பார்கள். பிறகு எல்எஸ்பிசிஐயை கே என்ற தேர்வோடு ஓட்டி, காட்சிச் சாதனத்துக்கு எந்த டிரைவர், ஒலிச் சாதனத்துக்கு எந்த டிரைவர் என்று பார்ப்பார்கள். காட்சிக்கு எதிரே டிரைவர் பெயர் இல்லை என்றால் தேடல் பாதி முடிந்தது. ப்ராக்கில் அசவுண்ட் என்ற கிளையில் கார்டுகளின் பட்டியல் இருக்கும். ஒவ்வொரு எச்டிஎம்ஐ முனைக்கும் ஈஎல்டி கோப்பு ஒன்றும் இருக்கும். மானிட்டர் கண்ணெதிரே எரிந்துகொண்டிருக்க, அந்தக் கோப்பு மானிட்டர் இல்லை என்று 0 காட்டினால், கிராபிக்ஸ் டிரைவர் தகவலைக் கொடுக்கவில்லை என்று பொருள். கார்டு பட்டியலில் எல்லாம் இருந்து ஒலி மட்டும் இல்லை என்றால்தான் ஆல்சாமிக்சரைத் திறந்து மியூட்டைப் பார்ப்பதிலும், பைப்வயர் பக்கம் போவதிலும் அர்த்தம் உண்டு.

இன்டெல்லும் என்விடியாவும் சேர்ந்து இருக்கும் லேப்டாப்புகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். நோமோட்செட் ஆள் பார்த்து அணைப்பதில்லை. கறுப்புத் திரைக்குக் காரணம் பெரும்பாலும் என்விடியாவை இயக்கும் நூவோதான். ஆனால் அந்தச் சொல் குற்றமற்ற ஐ915-ஐயும் சேர்த்து முடக்குகிறது, அதோடு ஒலியும் போகிறது. நூவோவின் மோட்செட் மதிப்பை மட்டும் 0 ஆக்கினால், அல்லது நூவோவை மட்டும் பிளாக்லிஸ்ட்டில் போட்டால், இன்டெல் படமும் தப்பும், ஸ்பீக்கரும் தப்பும். எச்டிஎம்ஐ துளை என்விடியா சிப்போடு இணைந்திருக்கும் மாடல்களில் அந்தத் துளை மட்டும் ஊமையாகவே இருக்கும். இதே வகை லேப்டாப்புகளில், பூட் ஆகும்போது எச்டிஎம்ஐ கேபிள் செருகியிருக்காவிட்டால் பயோஸ் என்விடியாவின் 01:00.1 ஒலிச் சாதனத்தையே மறைத்துவிடும் வழக்கமும் இருந்தது. எல்எஸ்பிசிஐயிலும் வராது, எந்த டிரைவராலும் கண்டுபிடிக்க முடியாது. 2019-இல் வந்த 5.3 கர்னல்தான் மறைந்ததை வெளியே இழுத்துக் காட்டியது.

ராஸ்பெர்ரி பையில் கதை தலைகீழ். அங்கே நெடுநாள் எச்டிஎம்ஐ ஒலியைக் கொடுத்தது சிப்பின் ஃபர்ம்வேர். 2021 நவம்பரில் வந்த புல்ஸ்ஐ பதிப்பு கேஎம்எஸ் டிரைவருக்கு மாறியபோது, எச்டிஎம்ஐ ஒலி விசி4 என்ற அந்தக் கிராபிக்ஸ் டிரைவரின் பொறுப்பாயிற்று. பழைய விளையாட்டு ஒன்று ஓடவில்லை என்று கன்ஃபிக் கோப்பில் அந்த டிரைவரை இயக்கும் வரியை அணைப்பவர், படத்தை மட்டும் மாற்றுவதாகத்தான் நினைக்கிறார். ஒலிக் கார்டின் பெயரும் எண்ணும் சேர்ந்தே மாறிவிடுகின்றன.

கிராபிக்ஸ் டிரைவரை உண்மையிலேயே இயக்க முடியாத கணினிகளில் குறுக்கு வழி ஒன்றுதான்: அந்தக் கன்ட்ரோலரையே தொடாத ஒலி. யுஎஸ்பி ஹெட்செட்டோ புளூடூத் ஸ்பீக்கரோ போதும். அவற்றுக்கு ஐ915 இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று. மலிவான யுஎஸ்பி ஒலித்துண்டு ஒன்றைச் செருகி இரண்டே நிமிடத்தில் பாட்டுக் கேட்க முடிந்தால், நாள் கணக்கில் ஃபர்ம்வேரோடு மல்லுக்கட்டுவது வீண் வீம்பு.

கர்னல்காரர்களும் சும்மா இல்லை. 2023-இல் இன்டெல்லின் மார்ட்டன் லாங்கார்ஸ்ட் எழுதிய திருத்தங்கள், 60 விநாடி காத்திருப்பை ஒழித்தன. கிராபிக்ஸ் டிரைவர் இன்னும் வரவில்லை என்றால் ஒலி டிரைவர் ஒதுங்கிநின்று, பிறகு மறுபடி முயலும். அதோடு எஸ்என்டி-எச்டிஏ-கோர் பகுதியில் ஜிபியு-பைண்ட் என்ற ஓர் அமைப்பும் வந்தது. 1 என்றால் எப்போதும் கிராபிக்ஸோடு பிணை, 0 என்றால் ஒருபோதும் வேண்டாம். எதுவும் சொல்லாவிட்டால் -1; அதாவது, பூட் வரியில் நோமோட்செட் இருந்தால் பிணைப்பைத் தேடாதே, இல்லாவிட்டால் வழக்கம்போல் நட. ஸ்பீக்கரும் மைக்கும் இதனால் படத்தின் தயவு இல்லாமல் பிழைத்துக்கொள்ள வழி பிறந்திருக்கிறது. எச்டிஎம்ஐ துளைக்கு இந்த அமைப்பால் பயனில்லை. கேபிளில் ஒலிப் பொட்டலங்களைச் சேர்க்க 2200 புள்ளி வரியின் காலியிடங்களை நிரப்பித் தரும் டிரைவர் இன்னும் வேண்டும்.